யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

1921ஆம் ஆண்டில் இந்தத் தீவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் அடித்தளம். அதே ஆண்டில் தோட்டங்களில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் நாங்கள் ஒன்றாகப் படித்ததில்லை. ஒன்று படித்தவர்களின் சரித்திரம், மற்றது கூலிகளின் சரித்திரம் என்று தனித்தனியே கிடந்தன. ஆனால் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இரண்டு பக்கத்திலும் நின்றவர். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார். 1919இல் தொழிலாளர் சேமநலச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போடும் சட்டத்தை எதிர்த்தார். திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவர்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் ஒரு விடுதி இருக்கிறது. அதன் வழியாக நடக்கும் எங்கள் மலையகப் பிள்ளைகள் பலருக்கு அவர் தங்கள் பூட்டனாருக்காகப் பேசியவர் என்பது தெரியாது.

துண்டு என்பது ஒரு காகிதம். தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பதைத் துரை அதில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டச் சம்மதிக்கும் வேறொரு தோட்டம் கிடைத்தால் ஆள் போகலாம். கிடைக்காவிட்டால் போக முடியாது. கடன் எங்கிருந்து வந்தது? ஊரிலிருந்து கங்காணி கூட்டி வரும்போது கொடுத்த முற்பணம், வழிச்செலவு, குளிருக்குத் தந்த கம்பளி, அரிசி. வந்து இறங்கும்போதே மனிதர் கடன்காரர். உழைத்து அடைத்துவிடலாம் என்று நினைத்தவர்களில் பலருக்கு அது சாகும்வரை அடையவில்லை. கடன் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது, அதோடு சேர்ந்து மனிதரும் கைமாறினார். என் பாட்டனாரின் தகப்பன் அப்படித்தான் ஊவாப் பக்கம் வந்தார் என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்தப் பழங்கதையை எடுக்கக் காரணம் இருக்கிறது. எங்கள் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் காதில் அடிக்கடி விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “நீ இந்தத் தோட்டத்துக்குக் கடன்பட்டிருக்கே, மறந்துறாத.” அன்போடுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களின் கை கொழுந்துக் கறை பிடித்த கை. அந்தக் கைக்கு முன்னால் எதிர்வார்த்தை வராது. ஆனாலும் நான் அப்புத்தளையில் ஆசிரியையாக இருந்துகொண்டு மெய்யியலில் பட்டமேற்படிப்பு படித்த வருடங்களில் என்னை விடாமல் துரத்திய கேள்வி இதுதான். உதவி வாங்கிப் படித்தவள் யாருக்குக் கடன்பட்டவள்? அந்தக் கடனைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? கடனால் கட்டிப்போடப்பட்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளை இன்னொரு கடனால் கட்டலாமா?

நான் முதன்முதலில் பல்கலைக்கழகம் போன வருடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி எனக்காகக் காசு சேர்த்தது. செயலாளர் ஒரு சீ.ஆர். கொப்பியில் கணக்கு எழுதினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே லயம் லயமாகப் பெயர்கள், பெயருக்கு நேரே தொகை. சிலர் நூறு, சிலர் ஐம்பது. ஒருவர் பெயருக்கு நேரே ‘சீனி ஒரு கிலோ’ என்று இருந்தது. இன்னும் சிலருக்கு நேரே ‘சம்பளத்துக்கு’ என்று எழுதி, சம்பளம் போட்ட பிறகு வேறு மையில் சரி அடையாளம் போட்டிருந்தது. தீபாவளி முற்பணம் வெட்டி, சங்கத்துக்குச் சந்தா வெட்டி, கோயிலுக்கு வெட்டி, மிச்சம் கையில் வந்த காசிலிருந்து எடுத்துக் கொடுத்தது அது.

அம்மா அந்தக் கொப்பியைப் பார்த்து என்னை வைத்தே ஒரு பிரதி எழுதிக்கொண்டார். பிறகு எந்தக் கலியாணத்துக்கு, எந்தச் சடங்குக்குப் போனாலும் அதைப் பார்த்துத்தான் மொய் எழுதினார். நூறு தந்த வீட்டுக்கு இருநூறு. ஐம்பது தந்த வீட்டுக்கு நூறு. கொடுத்து முடித்த பெயரின் மேல் ஒரு கோடு. மலையில் காலை முதல் மாலை வரை நின்றுவிட்டு வந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கொப்பியைப் புரட்டுவார். வருடங்கள் போகப் போகக் கோடுகள் கூடின. ஒரு பெயரில் மட்டும் கோடு விழவில்லை. கடைசிக் காம்பராவில் தனியாக இருந்த ஓர் அப்பாயி ஐம்பது ரூபாய் தந்திருந்தார். மலைக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆனவர். பிள்ளை குட்டி இல்லை. அவர் வீட்டில் கலியாணமும் இல்லை, சடங்கும் இல்லை, மொய் எழுத வழியும் இல்லை. நான் படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். மரண உதவிச் சங்கம் பெட்டி எடுத்தது. லயத்து ஆண்கள் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் அம்மா கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இத நான் எங்க கொண்டுபோயிக் குடுக்குறது?”

அம்மா கேட்டது பெரிய கேள்வி. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் கடன் தீர்ப்பது என்றால், கொடுத்தவர் இல்லாமல் போனபின் அந்தக் கடன் என்ன ஆகும்? அழிந்துவிடுமா, அல்லது தீராமலே நிற்குமா?

முதல் பட்டம் வரைக்கும் நாடு ஏதோ தாங்குகிறது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான் என்பதால் அந்த இலவசம் எங்கள் மலைக்கு ஏறி வர ஒரு தலைமுறைக்கு மேல் எடுத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் மகாபொல நிதியம் வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்தக் கொடுப்பனவு மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று 1947இலிருந்து ஒரு கல்வி நம்பிக்கை நிதியம் இந்தியாவின் உதவியோடு நடக்கிறது. விடுதி இருக்கிறது, சுகாதார நிலையம் இருக்கிறது, மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்த பிறகு, பல்கலைக்கழகம் என்பது தூரத்துச் சங்கதி என்ற எண்ணமும் எங்கள் பக்கம் கொஞ்சம் மாறியது.

பட்டம் முடிந்ததும் இவை எல்லாம் நின்றுவிடும். மகாபொல முதல் பட்டத்துக்குத்தான். பட்டமேற்படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணம் கட்ட வேண்டும். ஊரிலும் அதோடு கணக்கு முடிகிறது. “படிச்சு முடிச்சாச்சு, டீச்சர் வேலையும் கெடச்சாச்சு, இன்னும் என்னத்துக்குப் படிப்பு?” என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராடிய மக்கள் அவர்கள். அது 1,350 ரூபாய் ஆனது 2024இல். ஒரு பிள்ளை சம்பளம் எடுக்கத் தொடங்கியபின்னும் ராவில் உட்கார்ந்து வாசிப்பது அவர்கள் கண்ணுக்கு நியாயமாகத் தெரியாது. ஆனால் ஆய்வு செய்யப் பிள்ளைகள் போகாவிட்டால் எங்கள் சரித்திரத்தையும், எங்கள் நோயையும், எங்கள் மண்சரிவையும் யாரோ வந்து எழுதுவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது அங்கே வந்து தகவல் எடுத்தவர்களில் எங்கள் லயங்களில் பிறந்து வளர்ந்த ஆய்வாளர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

பட்டமேற்படிப்பு படிப்பவருக்கு வேண்டிய உதவி வேறு மாதிரியானது. காசும் வேண்டும்தான். அதைவிட நேரம் வேண்டும், படுக்க ஓர் இடம் வேண்டும், எழுதியதை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். என் வகுப்புகள் பேராதனையில் வார இறுதியில் இருந்தன. வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு, வீட்டுக்குப் போய், ராத்திரி அப்புத்தளை ஸ்டேசனில் கொழும்பு மெயிலில் ஏறினால் நடுச்சாமத்துக்குப் பிறகு பேராதனைச் சந்தி. அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாக எங்கே போவது? எனக்கு முன் படித்த ஒருத்தி ஒரு தொலைபேசி இலக்கம் தந்தாள். பெனிதெனியவில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீடு. அந்த வீட்டு அம்மா கேற்றைத் திறந்து வைத்து, பிளாஸ்கில் வெந்நீர் வைத்துவிட்டுப் படுத்திருப்பார். வாடகை என்று பெயருக்கு ஏதோ வாங்கிக்கொண்டார். அந்த இலக்கத்தை எனக்குத் தந்தவளுக்கு அதை யார் தந்தார் என்று நான் கேட்டதில்லை. நானும் அதை இன்னொருத்திக்குக் கொடுத்தேன். எங்கள் அதிபர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எனக்கு ஒழித்துத் தந்தார். கூடப் படிப்பிக்கும் ஒரு டீச்சர் கேட்காமலே என் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஒரு விரிவுரையாளர் என் ஆங்கில மேற்கோள்களைச் சிவப்புப் பேனையால் திருத்தினார். இவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கொப்பியிலும் இல்லை. இவர்கள் வீட்டில் எந்தச் சடங்குக்குப் போய் நான் என்ன எழுதுவது?

எங்கள் வகுப்பில் பிக்கு ஒருவரும் படித்தார். மதிய உணவு நேரத்தில் நான் பார்த்த ஒன்று என் யோசனையைத் திருப்பியது. தேரவாத விநய விதிப்படி, ஒருவர் கையால் கொடுக்காத உணவை பிக்கு உண்ணக்கூடாது. தண்ணீருக்கும் பல்லுக்குச்சிக்கும் மட்டும்தான் விலக்கு. மேசையில் பார்சல் இருந்தாலும் யாராவது அதை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேறு யாரும் இல்லாததால் நான் கொடுத்தேன். அவர் அமைதியாக வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, கூச்சப்படவும் இல்லை. வாங்குவதற்கு என் உடம்பெல்லாம் கூசிய காலம் அது. “ஹாமதுரு, தினமும் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பது கஷ்டமாக இல்லையா?” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். வாங்கத் தெரியாதவருக்குத் தான் தனியாக நிற்பதாக ஒரு நினைப்பு வந்துவிடும், அந்த நினைப்பை உடைக்கத்தான் இந்த விதி என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

வாங்குவது இழிவு என்று சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கப்பட்ட எங்களுக்கு இது புதிய பாடம். பிறர் கை படாமல் படித்தவர் உலகத்தில் எவரும் இல்லை. தகப்பன் சொத்தில் படித்தவரும் வாங்கித்தான் படித்தார். வாங்கியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏழைப் பிள்ளை வாங்குவதை ஊரே பார்க்கிறது.

பார்ப்பதோடு நிற்பதுமில்லை. புலமைப்பரிசில் வழங்கும் விழா ஒன்றில் நானும் மேடை ஏறியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். பிரமுகர் வரப் பதினொன்று ஆனது. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேச்சுகள் முடிந்து, எங்கள் முறை வந்தது. கதவு அளவுக்கு ஒரு காசோலை அட்டை. அதை ஒரு பக்கம் பிரமுகரும் மறுபக்கம் நானும் பிடிக்க வேண்டும். புகைப்படக்காரர் சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் பிடிக்கச் சொன்னார். அதற்கு முந்திய நேர்முகத்தில் என் அம்மாவின் சம்பளத்தை, காம்பராவின் அளவை, வீட்டில் மலசலகூடம் இருக்கிறதா என்பதைப் பலர் முன்னிலையில் கேட்டிருந்தார்கள். மேடையில் பேசியவர் நன்றியைப் பற்றிப் பேசினார். திருக்குறளிலிருந்தும் எடுத்துச் சொன்னார்.

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரமாக வைத்தார். ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாக வைத்தார். முதலாவது பெற்றுக்கொண்டவர் படிக்க வேண்டியது: செய்த உதவியை மறவாதிரு என்பது. இரண்டாவது கொடுப்பவர் படிக்க வேண்டியது: கைம்மாறு எதிர்பாராமல் செய் என்பது. இரண்டும் ஒரே நூலில் இருக்கின்றன, ஒன்றையொன்று மறுக்கவில்லை. கொடுப்பவர் தனக்குரிய அதிகாரத்தை மூடி வைத்துவிட்டு, பெறுபவருக்குரியதை மேடையில் உரக்கப் படிக்கும்போதுதான் கெடுதல் வருகிறது. கேட்டு வாங்கும் நன்றிக்குள் துண்டுக் காகிதம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களுக்கும், தொழிற்சங்கத்துக்கும், நிதியங்களுக்கும், பல்கலைக்கழக அலுவலகங்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இதைத்தான். நன்றி எங்கள் அதிகாரம். எங்களிடம் விடுங்கள். நாங்கள் அதைப் படிப்போம்.

அப்புத்தளையில் இருப்பவர்களுக்கு அடிசம் பங்களா தெரியும். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டியது. தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஊரின் பெயரை வீட்டுக்கு வைத்தார். 1960களின் தொடக்கத்திலிருந்து அது புனித பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். எங்கள் முன்னோரின் கொழுந்தில் எழும்பிய மாளிகையில் இன்று சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ளக்கூடாது என்ற விரதம் பூண்டவர்கள் இருக்கிறார்கள். போயா நாட்களில் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், துறவிகள் செய்து விற்கும் ஜாம் போத்தல் வாங்கி வருவோம். நான் சைவக்காரி. ஆனாலும் அந்த மடத்துக்கு வழிகாட்டும், ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெனடிக்ட் ஒழுங்கு நூலைத் தேடி வாசித்தேன்.

அதன் 31ஆம் அத்தியாயம் மடத்தின் களஞ்சியப் பொறுப்பாளரைப் பற்றியது. சகோதரர்களுக்கு உரியதை அகந்தை இல்லாமல், தாமதம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. கேட்டது கையிருப்பில் இல்லையென்றால் நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும் என்கிறது. 34ஆம் அத்தியாயம், எல்லாருக்கும் ஒரே அளவா என்று கேட்டு, அவரவர் தேவைப்படி என்று விடை சொல்கிறது. குறைவாகத் தேவைப்படுகிறவர் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும், அதிகம் தேவைப்படுகிறவர் தன் பலவீனத்தை எண்ணிப் பணிவாக இருக்கட்டும் என்பது அதன் கருத்து. நன்றி யார் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். குறைவாக வாங்கியவர். யாருக்குச் சொல்ல வேண்டும்? பொறுப்பாளருக்குச் சொல்லச் சொல்லவில்லை. களஞ்சியத்தில் உள்ளது பொறுப்பாளருடையதல்ல என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மாணவர் உதவி என்ற பெயரில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் எவரும் இந்த 31ஆம் அத்தியாயத்தை ஒரு தடவை வாசிக்கலாம். அகந்தை இல்லை, தாமதம் இல்லை, இல்லாவிட்டால் நல்ல வார்த்தை. ஒரு பல்கலைக்கழகம் தன் ஆய்வு மாணவருக்கு இந்த மூன்றையும் அவருடைய மொழியில் கொடுத்தால் பாதிப் பேர் நடுவில் விட்டுப் போகமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கஷ்டமான இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. படித்து முடித்து ஊருக்குத் திரும்பாமல் போனவர்கள். கொழும்பிலேயே தங்கியவர்கள், கனடா போனவர்கள், தாங்கள் தோட்டத்துப் பிள்ளை என்பதையே சொல்லாமல் மறைத்தவர்கள். ஊர் அவர்களை நன்றி கெட்டவர்கள் என்கிறது. எனக்கும் சிலர்மேல் கோபம் உண்டு. ஆனால் அவர்களைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தால், இல்லை என்றுதான் சொல்வேன். போகவிடாமல் மறித்த காகிதத்தை ஒழிக்க ஒரு தலைமுறை பாடுபட்டது. போகிறவரை மறிக்க நாம் இன்னொரு காகிதம் எழுதக்கூடாது. இமானுவேல் கான்ட் 1797இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில் நன்றிக்கடன் முழுதாகத் தீராது என்கிறார். நீங்கள் எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும், முதலில் கொடுத்தவர் அவர். கேட்காமல், கட்டாயம் இல்லாமல் முந்திக் கொடுத்த அந்தப் பெருமையை நீங்கள் அவரிடமிருந்து எடுக்க முடியாது. இருநூறு ரூபாய் மொய் எழுதினாலும் நூறு தந்தவர்தான் முந்தியவர். தீராத ஒன்றை வசூலிக்கப் போவதில் அர்த்தம் இல்லை.

அப்படியானால் வாங்கியவள் சும்மா இருக்கலாமா? இதற்கு எனக்கு விடை கிடைத்தது மிகப் பழைய இடத்தில். மனிதன் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறான் என்று வேத நூல்கள் சொல்கின்றன. தைத்திரீய சம்ஹிதை மூன்று கடன் சொல்கிறது: ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, முன்னோருக்கு. அது அந்தணரைப் பற்றியே பேசுகிறது. சதபத பிராமணம் பிறந்த எல்லாரையும் சேர்த்து, சக மனிதருக்குப் பட்ட நான்காவது கடனையும் சொல்கிறது. வந்தவரை உபசரித்து, இடம் கொடுத்து, சோறு போட்டு அடைக்கும் கடன் அது. இந்த நூல்களைக் காதால் கேட்கவும் என் முன்னோருக்கு உரிமை இருந்திருக்காது என்பதை மறக்காமலே இதை எடுத்துக்கொள்கிறேன். ரிஷிகளுக்குப் பட்ட கடனை எப்படி அடைப்பது? ரிஷியைத் தேடிப்போய்க் கொடுக்க முடியாது, அவர் எப்போதோ போய்விட்டார். கற்பதுதான் அந்தக் கடனை அடைக்கும் வழி. கற்றவர் ரிஷிகளின் செல்வத்துக்குக் காவலர் என்று சதபத பிராமணம் வைக்கிறது. சொந்தக்காரர் என்று வைக்கவில்லை. காவலர் கையில் இருப்பது அடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டியது.

அம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். அப்பாயியின் ஐம்பது ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய இடம் அவருடைய காம்பரா அல்ல. அந்தக் கடன் திரும்பிப் போகாது, முன்னால்தான் போகும். பெனிதெனிய வீட்டுத் தொலைபேசி இலக்கம் எங்களில் ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்குப் போனது அப்படித்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, கொடுத்த தலைமுறையை மலையில் அட்டை கடிக்க விட்டுவிட்டுப் போகலாம். அதை நான் ஏற்கமாட்டேன். எங்களுக்குக் கொடுத்தவர்கள் இன்னும் அதே லயத்தில், அதே தகரக் கூரையின் கீழ் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது உதவிக்குப் பதில் உதவி மட்டுமல்ல. நியாயமான சம்பளம், காணி, வீடு. அவை அவர்களின் உரிமை. அவர்கள் எனக்கு ஐம்பது ரூபாய் தராமலே இருந்திருந்தாலும் நான் அதற்காகப் பேசியாக வேண்டும். நன்றி வேறு, நீதி வேறு. நன்றியின் பெயரால் மட்டும் பேசப் போனால், எனக்கு எதுவும் தராத தோட்டத்துக்காக நான் பேசவேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

எங்கள் தோட்டங்களில் ஒருவர் இறந்தால் மரண உதவிச் சங்கம் அன்று மாலையே வந்து நிற்கிறது. காசும், பாயும், தேத்தண்ணிக் கேத்தலும், கல்லடுப்பும், ஆளும் வந்து சேரும். யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை, யாரும் மேடை போடுவதில்லை. மாதச் சந்தா கட்டிய எல்லாருக்கும் அது உரியது. வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. இவ்வளவு நேர்த்தியான ஓர் ஏற்பாட்டைச் சாவுக்குச் செய்யத் தெரிந்த மக்கள் படிப்புக்கும் செய்யலாம். கோயில் கமிட்டியின் கணக்கில் ஒரு சிறு பங்கு. முதல் பட்டத்துக்குப் பிறகும் படிக்கப் போகிறவருக்கு ரயில் செலவு, பதிவுக் கட்டணம், ஆய்வேடு அச்சடித்துக் கட்டும் செலவு. தொகை சிறிதாக இருக்கட்டும். பெயர் வாசிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், திரும்பி வருவாயா என்று கேட்க வேண்டாம்.

காசு கொடுக்க முடியாதவர்கள் கொடுக்கக்கூடியது நிறைய உண்டு. அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பதுளைப் பக்கங்களில் பட்டம் முடித்து ஆசிரியராக, உத்தியோகத்தராக, தாதியாக இருப்பவர்களிடம் கேட்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் கேட்கிறேன். ஆய்வு முன்மொழிவு எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு பிள்ளை வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்துக்கு, வலயக் கல்வி அலுவலகத்தில் கற்கை விடுமுறைக்கு, கூடவே போங்கள். அத்தியாயத்தை அனுப்பினால் வாசித்துப் பதில் போடுங்கள். கண்டியிலோ கொழும்பிலோ வீடு இருந்தால் ஒரு பாயும் ஒரு சாவியும் கொடுங்கள். ராவில் அழைத்தால் தமிழில் பேசுங்கள். அடுத்த விண்ணப்பக் காலம் வருமுன் உங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளரிடம் உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.